வாஷ்டி சொல்லாத நோய்

பொய் சொல்லிக் கெட்டவர்கள் உண்டு. வாஷ்டி வெட்கப்பட்டுக் கெட்டவள்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றின் ஓரத்தில், அவளுடைய மாமனார் நோவா சொந்தமாக வாங்கிய வயலில் அந்த ஜிப்ஸிக் குடும்பத்தின் வண்டிவீடுகள் நின்றன. நிலம் உங்களுடையதுதான், ஆனால் அதில் குடியிருக்க அனுமதி இல்லை, வெளியேறுங்கள் என்றது உள்ளூர் கவுன்சில். அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

விசாரணைக்கு முன் வக்கீலம்மா வாஷ்டியைத் தனியே அழைத்தாள்.

"வீடும் குடும்பமும் மனித உரிமைதான். ஆனா தராசு நம்ம பக்கம் சாயணும்னா பிள்ளைங்க படிப்பு மட்டும் போதாது. உன் மார்புக் கட்டியைச் சொல்லு. இங்கேருந்து போனா வைத்தியம் நின்னுடும்னு சொல்லு."

"ஐயோ அக்கா! மாமா உக்காந்திருப்பாரு. எங்க ஜிப்ஸி ஜனத்துல பொம்பள வியாதிய ஆம்பளைங்க காதுல போடவே மாட்டோம்."

"விசாரிக்கிற அதிகாரிகிட்ட எழுதிக் கொடுக்கலாம்."

"தீர்ப்புல வந்துடுமே! ஊரே படிக்கும்."

விசாரணை நாளில் கிராமத்து மண்டபம் நிறைந்திருந்தது. "சக்கரம் வச்ச வீட்டுக்காரங்களுக்கு ஓடத்தானே பிடிக்கும்?" என்று ஒருவர் கிண்டலடித்தார்.

"எங்க குதிரையே ஓட மாட்டேங்குது, ஐயா. நாங்க எங்க ஓடறது?" என்றார் நோவா. எதிர்க்க வந்த ஊர்க்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அதிகாரி கனிவாகத்தான் கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா?"

வாஷ்டி முன்வரிசையைப் பார்த்தாள். தொப்பியை மடியில் வைத்தபடி மாமனார்.

"இல்லீங்க. கல்லு மாதிரி இருக்கோம்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. பிள்ளைகள் வேறு ஊரிலும் படிக்கலாம், இங்கேயே இருந்தாக வேண்டிய காரணம் வேறில்லை என்றது தீர்ப்பு.

ஊரைவிட்டுக் கிளம்ப வண்டிகளைப் பூட்டிய நாளில் வாஷ்டியின் கணவன் தாங்க முடியாமல் அப்பாவிடம் வெடித்தான். "இவ ஆஸ்பத்திரிய விட்டுட்டு எங்கப்பா போறது? மார்புல கட்டி இருக்கு! உங்க முன்னால வாயத் தொறக்க வெக்கப்பட்டா!"

நோவாவின் முகம் வெளிறியது. வாஷ்டி கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பைத்தியக்காரப் பொண்ணே," என்றார் கிழவர், தரையைப் பார்த்தபடி. "ஒரு சாடை காட்டியிருந்தா நான் எழுந்து வெளிய போயிருப்பேனேம்மா."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பாவி, ஒரு கணம்கூடத் தோன்றவில்லை!

ஆஸ்பத்திரித் திருப்பத்தில் முன்வண்டி நின்றது. அங்கே நிறுத்தக் கூடாது. பின்னால் கார்கள் அலறின. நோவா இறங்கி, வேலிப்புதரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வாஷ்டி இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போய் மறையும்வரை அவர் திரும்பவே இல்லை.