கடைசி வீட்டுக் குழாய்

தங்கை ஜெயித்ததையெல்லாம் தையல்காரி அக்கா விரல் மடக்கிச் சொல்வாள். மூன்று ஆண்களை எதிர்த்து நின்று வார்டு உறுப்பினர் ஆனாள். வண்டி திரும்பவே இடமில்லை என்று அதிகாரிகள் கைவிரித்த பேருந்தைக் குடியிருப்புக்குள் வரவைத்தாள். இருட்டுச் சந்துக்கு விளக்குப் போடவைத்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், மேட்டுத் தெரு உச்சிக்குத் தண்ணீரை ஏற்றினாள். இந்தக் கடைசிக் கதைக்கு மட்டும் அக்கா தையல் மிஷினை நிறுத்திவிடுவாள்.

ஊர் பெருத்து வீடுகள் மேட்டில் ஏறிவிட்டன. குழாய் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. உச்சியில் இருந்தவர்களுக்குக் குடம் சுமந்தே இடுப்பு ஒடிந்தது. ஒருவழியாகப் புதுக்குழாய் வேலை தொடங்கியது. பாதி மேட்டுக்குத் தண்ணீர் வந்ததுமே காண்ட்ராக்டர் காகிதத்தோடு தையல் கடைக்கு வந்துவிட்டார். வேலை முடிந்தது என்று உறுப்பினர் ஒப்புக்கொண்டால் அவர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மேல் வீடுகள் அம்போ.

"கைநாட்டு போதும்மா. மைகூட கொண்டாந்திருக்கேன்."

"கைநாட்டா? அக்கா எனக்குக் கையெழுத்து சொல்லிக் குடுக்குறா. கத்துக்கிட்டுப் போடுறேன், பொறுங்க."

அக்காவுக்கே அது அப்போதுதான் தெரியும். வாயில் குண்டூசிகள் இருந்ததால் தப்பித்தாள்.

அன்றே வெட்டுத்துணியில் சாக்கட்டியால் பாடம் ஆரம்பமானது. தங்கை பெயருக்கு நான்கே எழுத்து. சீக்கிரமே நான்கும் படிந்துவிட்டன. காண்ட்ராக்டர் வரும்போது மட்டும் கணக்கு வேறு.

"இப்பதான் ரெண்டாவது எழுத்து. குழாய் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"எழுத்துக்கும் குழாய்க்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டும் மேடேறுதுல்ல? மெதுவாத்தான் வரும்."

துணி வாங்க வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"மேலதிகாரிகிட்ட சொல்வேன். பதவியே போயிடும், பாத்துக்கோங்க."

தங்கை அசையவில்லை. "சொல்லுங்க. உறுப்பினர் எழுதப் படிக்கிறாள்னு புகார் குடுங்க."

காண்ட்ராக்டர் எங்கும் சொல்லவில்லை. தண்ணீரை உச்சிக்குத் தள்ளப் பெரிய மோட்டார்தான் வந்தது.

உச்சி வீட்டுக் குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண்ணைத் துப்பியது. பிறகு தெளிந்தது. வீட்டுக்காரி குடத்தை மறந்து வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

காண்ட்ராக்டர் மை டப்பாவைத் திறந்தார். தங்கை அதை மூடி அவர் பையிலேயே போட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். நான்கு எழுத்தும் ஓட்டுத்தையல் போல நேராக விழுந்தன. கீழே தேதி போடவும் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள்: 9-8-2016.