எந்த அலாரம் கத்தலாம்?

கப்பலின் இன்ஜின் அறையில் எந்த அலாரம் கத்தலாம், எது வாயை மூடிக்கொண்டு திரையில் மட்டும் வரலாம் என்று பிரிப்பது என் தொழில். தேவையில்லாத சத்தத்தில் வேலை பார்ப்பவர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். எனக்கு ஒரு பயம் மட்டும் கூடுதல். நான் அடக்கியதே ஆளைக் காப்பாற்ற வேண்டிய அலாரமாக இருந்துவிட்டால்? மகள் பிறந்ததிலிருந்து, அவளைத் தூங்க வைத்துவிட்டு இதையேதான் யோசிக்கிறேன்.

துணி திணித்த பஸ்ஸர்

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகு. அலாரம் ஒலிக்கும் பஸ்ஸருக்குள் துணியைத் திணித்து டேப் சுற்றியிருந்தார்கள். டீசல் வடிகட்டி, குளிர்நீர், கழிவறைத் தொட்டி எல்லாம் ஒரே குரலில் ஓயாமல் கத்துமாம். படகின் சீஃப் இன்ஜினியர் சேவியர் அங்கிள், பக்கத்துப் பந்திங் ஊர்க்காரர். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நாங்க இன்ஜின பார்க்கறதா, இத தாலாட்டறதா? நீயே சொல்லு மா."

பாதி போதும்

துணியைப் பிடுங்கிவிட்டு, படகின் அலாரப் பட்டியலோடு ஆபீஸ் வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது கத்தினால் ஆள் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் இல்லையென்றால் திரையோடு சரி. இரண்டு வாரம் இழுத்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"சத்தம் கொறஞ்சா கஸ்டமர் ஹேப்பி லா. பாதிய அடிச்சிட்டு வீட்டுக்குப் போ, பிள்ள தேடும்."

கையெழுத்து

படகு கிளம்பும் நாள். ஒரு சோதனைதான் பாக்கி; அது முடிந்து நான் கையெழுத்துப் போட்டால்தான் படகு கிளம்பலாம். பட்டியலைக் குறைக்க, படகின் அடியில் தண்ணீர் ஏறினால் கத்தும் அலாரத்தையும் பம்ப் நின்றால் கத்தும் அலாரத்தையும் ஒரே குழுவாகச் சேர்த்திருந்தேன். பம்ப்பை நிறுத்தினோம், கத்தியது, பொத்தானை அழுத்தி அடக்கினோம். பிறகு, தண்ணீர் ஏறியதுபோலக் காட்ட, அடியிலிருக்கும் மிதவையைக் கையால் தூக்கச் சொன்னேன். சத்தமே இல்லை. குழுவை ஒருமுறை அடக்கிவிட்டதால், தண்ணீர் ஏறுவது அதற்குப் புதுச் செய்தியாகவே படவில்லை.

"கடல் தண்ணி வத்தப்போகுது, அப்புறம் கெளம்ப முடியாது, கேப்டன் மேல நின்னு ஏசுறாரு. ஒரே ஒரு அலாரம்தான மா, கையெழுத்துப் போடு!" என்றார் அங்கிள். சோதனையில் தேறாததில் கையெழுத்துப் போட எந்த சிஸ்டரும் கான்வென்ட்டில் எனக்குச் சொல்லித் தரவில்லை. "தப்பு என்னோடது அங்கிள். திருத்தாம எறங்க மாட்டேன்." பட்டியலை மறுபடி விரித்தேன்.

இரண்டு அலாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து முடிக்க ஒரு மணி நேரம். மறுபடி பம்ப்பை நிறுத்தி, அடக்கி, மிதவையைத் தூக்கினார்கள். பஸ்ஸர் அலறியது. அங்கிள் காதைப் பொத்திக்கொண்டார்.

"சரி, இது கத்துனா சோத்த வச்சிட்டு ஓடி வரேன். இப்ப எறங்கு மா, இல்ல நீயும் எங்களோட பினாங்கு வரணும்."

சத்தத்தைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு சத்தத்துக்காகப் படகு முழுக்கத் திட்டு வாங்கினேன். இன்னொரு படகிலும் வாங்குவேன்.