பதினேழு கேப்டன்களும் ஒரு கடிதமும்

எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் பார்த்தவர்களில் பாதிப் பேர் என் பத்து விரல்கள் வழியாகத்தான் உள்ளே போனார்கள். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். பள்ளி அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து, பதினேழு பேர் தேறுவார்கள். ஆனால் அந்தப் பெருமை எனக்கல்ல, வேதியியல் ஆசிரியருக்கு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அபூர்வம் சார்.

பல்கலைக்கழகத்தில் சேர மதிப்பெண் வேண்டும், நுழைவுத் தேர்வு வேண்டும். அதற்கு மேல் தலைமைப் பண்பும் வேண்டுமாம். பதினேழு வயதில் யாருக்குத் தலைமை தாங்குவது, தம்பி தங்கைக்கா? அந்தப் பண்பு இருக்கிறதென்று ஓர் ஆசிரியர் கடிதம் தர வேண்டும். சார் தயங்காமல் தந்தார். "என் இருபது ஆண்டு அனுபவத்தில் இப்படியோர் அபூர்வ மாணவரைக் கண்டதில்லை, கூடைப்பந்து அணியின் கேப்டன்." எல்லோருக்கும் இதே கடிதம். பெயரை மட்டும் நான் மாற்றுவேன். எங்கள் பள்ளியில் கூடைப்பந்துத் திடலே கிடையாது.

ஓர் ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து பதினேழு கடிதங்களும் ஒரே உறையில் திரும்பி வந்தன. கூடவே ஒரு குறிப்பு: "பதினேழு கேப்டன்கள் உள்ள அணியை வாழ்த்துகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையான கடிதம் வராவிட்டால் விண்ணப்பங்கள் ஏற்கப்படாது."

பதினாறு பேரின் அப்பாக்கள் பணம் கட்டி வேறு கல்லூரி பார்த்துக்கொண்டார்கள். மீதி இருந்தது சலவைக் கடைக்காரியின் மகள். வேதியியலில் பள்ளிக்கே முதல். உதவித்தொகையோடு அவள் படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அது போனால் அம்மாவோடு இஸ்திரிப் பெட்டி பிடிக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை சார் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இந்தப் பொண்ணு எப்படிப்பட்டவ?"

"ரெண்டு வருஷம் பாடம் எடுத்தது நீங்க சார். என்னைக் கேக்குறீங்களே!"

"நான் போர்டைப் பார்த்துதானே எடுக்கிறேன்."

"அப்போ இப்பவாவது திரும்பிப் பாருங்க."

"இந்த வயசுலயா?" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டார். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டையும் மறந்து எழுதினார். வியாழக்கிழமை தன் கையால் எழுதிய தாளை என்னிடம் நீட்டியபோது அவர் கண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. கடிதம் இதுதான்:

"இவள் எந்த அணிக்கும் கேப்டன் அல்ல. இந்த ஆண்டு இருபது நாள் தாமதமாக வந்தாள். அம்மாவின் கடையில் தேய்த்த துணிகளைக் காலையில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிறாள். விட்ட பாடத்தைத் தோழியின் நோட்டிலிருந்து எடுத்து எழுதும்போது, நான் கரும்பலகையில் எழுதிய இரண்டு சமன்பாடுகளைத் திருத்தியிருக்கிறாள். இரண்டிலும் அவள் சொன்னதே சரி."

அபூர்வம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் இடம் கிடைத்தது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே உண்மைக் கடிதம் என்று இதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லி வருகிறேன்.

இதுவரை எழுதி முடித்தபோது, என் தோளுக்கு மேலே யாரோ சிரித்தார்கள். சலவைக் கடைக்காரியின் மகள்தான். விடுமுறைக்கு வந்தவள், தேய்த்த புடவைகளைக் கொடுக்க வந்து, முழுவதையும் படித்துவிட்டாள்.

"பாட்டி, கண்ணீரெல்லாம் இல்ல. டீ கொட்டிடுச்சு. லெட்டரை எழுதினதே நான்தான். சார் அதைப் பார்த்துக் காப்பி அடிச்சாரு."

"எல்லாத்தையுமா?"

"ஒரு இடம் தவிர. நான் அறுபத்திரண்டு நாள் லேட்டுன்னு எழுதியிருந்தேன். 'இவ்வளவு உண்மையைப் போட்டா எவனும் நம்ப மாட்டான்மா'ன்னு சொல்லி, அதை மட்டும் இருபதாக்கினது சார்."