வெள்ளாட்டின் தலையில் என் கை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பண்ணைக்காட்டில் சொந்தக் காப்பித் தோட்டம் போட்டேன், வேதாகமத்தையும் எழுத்துக்கூட்டி நானாகவே படித்தேன்.

எழுபதுகளில் ஒரு காலை, ஆசாரியன் தலையில் இரண்டு கையையும் வைத்துப் பாவங்களைச் சொல்ல, ஜனங்களின் பாவத்தைச் சுமந்து வனாந்தரம் போகும் ஆட்டைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துச் சவரியம்மாளின் வெள்ளாடு மூடுபனிக்குள்ளிருந்து என் காப்பி நாற்றை மேய வந்தது. பட்டியில் அடைக்கத்தான் பிடித்தேன். சுற்றிலும் மரம், மலை எதுவுமே தெரியவில்லை. ஏனோ வேதத்தில் வாசித்தது போலவே அதன் தலையில் இரண்டு கையையும் வைத்தேன்.

"சவரியம்மா நிலத்துக்குள்ள வேலியைத் தள்ளிப் போட்டது நாந்தான்" என்று வாய் தானாகச் சொன்னது.

பனிக்குள்ளிருந்து சவரியம்மாள் குரல் வந்தது. "ஆட்டுக்கிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லக் கூடாதாண்ணே? பாவத்தச் சொமக்க ஆண்டவர் இருக்காரு. வேலிக்கல்ல நீங்கதான் சொமக்கணும், வெரசா வாங்க."

அன்றே கற்களைப் பழைய எல்லைக்குச் சுமந்தேன். வேதாகமத்தைப் பலமுறை முடித்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் என்னளவு வாசித்தவர் இல்லை. அந்த அதிகாரம் வரும்போது மட்டும் உள்ளங்கையில் ஈர ரோமம் படுகிறது.