பயப்படாத ஆடு வேண்டும்

ஜீனுக்கு சுவிட்ச் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் ஜீனைத் தவிர எல்லாம் எரியும், வயிறு உட்பட.

ஆட்டின் சிறுநீரகத்து உச்சியில் அவரைக்கொட்டை போல ஒரு சுரப்பி உண்டு. மூளையடியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து எழுப்பினால், அங்கே சில ஜீன்கள் விழித்துக்கொண்டு கொழுப்பை ஸ்டீராய்டு ஹார்மோனாகச் சமைக்கத் தொடங்கும். அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்த்து, எழுப்பும் ஹார்மோனை நானே ஊற்றி, ஜீன் விழிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாசக் கடைசியில் என் பிஎச்.டி. ஆய்வுக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் காட்டாவிட்டால் இன்னொரு வருஷம் இதே ஆய்வுக்கூடத்தில் கிடக்க வேண்டியதுதான்.

மஞ்சள் பொட்டலம்

எங்கள் தெருக் கறிக்கடை பாயிடம், சுரப்பியை அப்படியே ஐஸில் வைத்துக் கேட்டிருந்தேன். பஸ் பிடித்துப் போய்க் கூடத்தில் பிரித்தால் மஞ்சள் மணம் கமகமக்கிறது. செல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. போனில் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “பஸ்ஸுல போறதுக்குள்ள கெட்டுருமேன்னு உப்பும் மஞ்சளும் நல்லாப் பெரட்டிக் குடுத்தேம்மா. இஞ்சி பூண்டு வேணும்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

பெண் பார்த்த படலம்

அந்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஸ்டீராய்டு என்றதும், ஜிம்முக்குப் போய்க் கை பருத்த மாப்பிள்ளை ஆசையாக நிமிர்ந்தார். “அந்த ஊசி இல்லை, ஜீனுக்கு சுவிட்ச் போடும் ஆராய்ச்சி” என்று அவசரமாக விளக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்ட கேள்விக்கு எங்கப்பாவும் சேர்ந்து தலையாட்டியதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. “ஏனுங்க, சுவிட்ச் போடறதுக்கு இத்தன வருசமாங்க? எங்கூட்டுக்கு வயரிங் பண்ணுனவரு ரெண்டே நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டாருங்க.”

அணைந்த பெட்டி

அடுத்த தடவை செல்கள் பிழைத்தன. அவற்றை உடல் சூட்டிலேயே அடைகாக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்துவிட்டு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை தொட்டால் பெட்டி ஜில்லென்று இருக்கிறது. நான் அழுதேவிட்டேன். எங்கள் அட்டெண்டர் சவரிமுத்து அண்ணன் பதறி ஓடி வந்தார். “ஏம்மா அழுகுற? திங்கக்கெழம வந்து சுவிட்ச் போடப்போறேன்னு நீதான சொன்ன? நீ வந்து போடணும்னுதான் அணைச்சு வச்சேன்!”

கடைசி ஆடு

ஒருவழியாக ஹார்மோன் ஊற்றிய தட்டில் ஜீன் விழித்துவிட்டது! மேசையைச் சுற்றி ஆடினேன். அப்புறம் பார்த்தால், ஒப்பிடுவதற்காக எதுவுமே ஊற்றாமல் வைத்த தட்டிலும் விழித்திருக்கிறது. கைடு கண்ணாடியைக் கழற்றினார். “ஆடு கடைக்கு வரும்போதே மெரண்டிருக்கும்மா. பயந்தா மூளையே அந்த ஹார்மோன அனுப்பிரும். நீ ஊத்துறதுக்கு முன்னாடியே சுவிட்ச் விழுந்தாச்சு.”

கமிட்டி நெருங்கிவிட்டது. கறிக்கடைக்கு ஓடி, பயப்படாத ஆடாகப் பார்த்து ஒன்று வேண்டும் என்று கெஞ்சினேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பயப்படாத ஆடு என் கடைக்கு எதுக்கும்மா வருது?”

கமிட்டி இன்னொரு வருஷம் கொடுத்துவிட்டது; அந்த அறைக்குள் நான் நுழைந்ததுமே யாரும் எதையும் ஊற்றாமல் என் ஜீன்கள் அத்தனையும் விழித்துக்கொண்டதைத்தான் ஒருத்தரும் குறித்துக்கொள்ளவில்லை.