இடக்கைச் சுழி

அந்தக் கிடங்கில் அவரை முடிச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை ஏற்ற எத்தனையோ பேர் உண்டு. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது அவர் ஒருவர்தான். கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியைக் கொக்கியில் கொடுத்துத் திருப்பிக் கண்ணுக்குள் விட்டு இழுத்து, உருவாஞ்சுருக்கில் முடிப்பார். வழியெல்லாம் மேடுபள்ளம் என்றாலும் லோடு அசையாது. இறக்குகிற இடத்தில் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும். கத்தியால் கயிற்றை அறுக்கிறவனைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

நனைந்த கயிற்றை நிழலில் காயப்போடுவார். மண்ணை உதறுவார். பிரியைத் திருகி, உள்ளே பொடி உதிர்கிறதா என்று பார்ப்பார். அதில் பாதிப் பதம் பெண்டாட்டியிடம் காட்டியிருந்தால் மனுஷன் குறைந்தா போயிருப்பார்?

அப்போது அவளும் அங்கேதான் கயிறு கட்டினாள். லாரிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். அவளுக்கு இடக்கைப் பழக்கம். மூன்று பிரிக் கயிற்றைக் கடிகார முள் போகிற வாக்கில் சுற்றினால் படிந்து கிடக்கும். அவள் கை எதிர்வாக்கில் சுற்றும், கயிறு முறுக்கிக்கொண்டு சுழி விழும். ஒரு நாள் ஒரு சுழி கொக்கியில் சிக்கிப் பாதி லோடு சரிந்தது. "பீச்சாங்கைக்கு எதுக்குக் கயிறு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீம்பு விட்டு இவர் தேடிப்போவதற்குள் அக்கா குடும்பமே ஊர் மாறியிருந்தது. ஒன்பது வருஷம் ஆயிற்று. இன்றும் கயிறு கட்டும்போது லாரிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

போன மாதம் ஒரு புது ஊருக்கு லோடு போக ஆரம்பித்தது. கயிறு அறுபடாமல் திரும்பி வந்தது. பிரித்தால் ஒரே சுழி. "எவன்டா அந்த முடிச்சவிழ்க்கி? கயிறு சுத்தத் தெரியாதவன்!" என்று டிரைவரிடம் மூன்று தடவை கத்தினார். நாலாம் தடவை வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். கயிற்றைத் தன் இடக்கையால் சுற்றிப் பார்த்தார். அதே சுழி.

"அங்க கயிறு அவுக்குறது யாருப்பா?"

"ஒரு அம்மாண்ணே. ஏன், ஏதாவது சொல்லணுமா?"

"வேணாம். நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. அதிகம் பேச மாட்டாங்க."

அன்று சாயங்காலமே போய்ப் பின்னல் நைலான் கயிறு வாங்கினார். அதில் முறுக்கு இல்லை; எந்தக் கையால் சுற்றினாலும் சுழி விழாது. வழுக்கும், கூட ஒரு சுற்றுப் போட வேண்டும் என்று அவர் காலமெல்லாம் திட்டிய கயிறுதான். அடுத்த லோடை அதில் கட்டி அனுப்பினார். மூன்று நாள் லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்.

லாரி வந்தது. டிரைவர் நைலான் கயிற்றை நீட்டினார்.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. அந்த அம்மாதான் முடிச்சையும் இந்தக் கயித்தையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அப்புறம், 'பழைய கயித்தையே அனுப்பச் சொல்லு, அவர் சுழி எடுத்துக்கிட்டே இருக்கட்டும்'னாங்க."

"வேற?"

"'இப்போதைக்குக் கயிறு வந்தாப் போதும், ஆளு வர வேணாம்'னாங்க."

"இப்போதைக்குன்னு சொன்னாளா?"

"ஆமாண்ணே."

அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு பழைய கயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சுழி எடுக்க உட்கார்ந்தார்.