சாவு வீட்டு வாசலில் ஒரு தத்துவ வாசகன்

எனக்குத் தத்துவப் பழக்கம் கம்பெனி பஸ்ஸில் தொற்றியது. வில்லியனூரில் ஏறினால் ஆலை வாசலில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். மற்றவர்கள் போன் பார்ப்பார்கள், தூங்குவார்கள். நான் புத்தகம் படிப்பேன். கடினமான தத்துவமெல்லாம் இல்லை; அதற்கு எனக்குப் படிப்பும் போதாது, பொறுமையும் போதாது. எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதின தத்துவம். மூன்று பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், கடைசியில் கட்டம் கட்டி ஒரு வாசகம். அட்டையில் பெரும்பாலும் ஒரு மலை இருக்கும், உச்சியில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பஸ்ஸில் எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். “இன்னா சாமியாரே, மலை மேல நிக்கிறவன் இன்னிக்கு இன்னா சொல்றான்?” என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

கேலி பண்ணட்டும். அந்தப் புத்தகங்கள் எனக்கு நிஜமாகவே உதவின. நான் முன்கோபி. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி இரண்டு தடவை மெமோ வாங்கினவன். நடப்பது நம் கையில் இல்லை, நடந்ததை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்று படித்த பிறகு வாயை அடக்கக் கற்றேன். “புஸ்தகம் படிச்சிக் கோவம் கொறைஞ்சிதோ, பிரஷர் மாத்திர போட்டுக் கொறைஞ்சிதோ” என்பாள் என் மனைவி. எனக்குச் சந்தேகமே இல்லை, புத்தகம்தான்.

அந்தத் தெம்பில் இருந்தபோதுதான் என் தங்கையின் கணவர் இறந்துபோனார். பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் நெல்லும் கரும்பும் வைத்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் மோட்டார் போடக் கழனிக்குப் போனவர் மோட்டார் கொட்டகை வாசலிலேயே விழுந்துவிட்டார். எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஊருக்கே தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். இழந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படிம்மா ஆச்சி?” என்பார்கள். அவள் அன்று காலையிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லி அழவேண்டும். கேட்டவர்களும் அழுவார்கள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. எடுத்துக்கொண்டு போன பிறகும், கருமாதி வரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

எனக்கு இது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. துயரத்தைப் பற்றி அப்போதுதான் ஓர் அத்தியாயம் படித்திருந்தேன். அடி விழுவது ஒரு தடவைதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நூறு அடியாக்கிக்கொள்வது நாமேதான் என்று அதில் இருந்தது. பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். என் தங்கையை இத்தனை பேர் சேர்ந்து நூறு தடவை அடிக்கவிட முடியாது என்று முடிவு செய்தேன். வாசலில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“உள்ள போங்க. ஆனா எப்படி ஆச்சின்னு மட்டும் கேக்காதீங்க” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அண்ணன்காரன் பேச்சு என்பதால் யாரும் மறுக்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தரையைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். தங்கை சுவரில் சாய்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம்போட்டு அழவில்லை. எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கருமாதி முடிந்ததும் கோடு போட்ட அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. போன் செய்தால் ‘ம்’, ‘சரி’, அவ்வளவுதான். என்னிடம் மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். ஐந்தாறு மாதம் கழித்து, காலேஜில் படிக்கும் அவள் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

“அம்மா யாராண்டயும் பேச மாட்டேங்குது மாமா. சாப்பாடும் சரியில்ல. மோட்டார் கொட்டாயாண்ட போயி நின்னுக்கினே இருக்குது. எனக்குப் பயமா இருக்குது மாமா.”

எனக்கும் பயம் வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாகூருக்குப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு புதுப் புத்தகம். மனம் அமைதியாக ஒன்று, மரணத்தைப் புரிந்துகொள்ள ஒன்று. அவள் வாங்கி டிவி மேல் வைப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து எனக்குப் பிடித்த அத்தியாயங்களைச் சொல்வேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள், இல்லை, கேட்கிற மாதிரி இருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வாசலில் கூடையை இறக்கினார். தன் மகளின் பிரசவத்துக்கென்று சென்னைக்குப் போய் ஏழெட்டு மாதம் இந்தப் பக்கமே வராதவர். அவருக்கு எதுவும் தெரியாது.

“எங்கம்மா உங்க வூட்டுக்காரரு? அவருக்குப் புடிக்குமேன்னு சங்கரா கொண்டாந்திருக்கேன்.”

“அவரு செத்துட்டாருக்கா” என்றாள் தங்கை.

“ஐயையோ, இன்னாம்மா சொல்ற! எப்படிம்மா ஆச்சி?”

நான் தடுக்க எழுந்தேன். அதற்குள் தங்கை வாசற்படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“காலையில எழுந்ததும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னாருக்கா. வாயுவாத்தான் இருக்கும்னு நான்தான் ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தேன். குடிச்சிட்டு ஏப்பம் வுட்டாரு. பாத்தியா, வாயுதான், கரெண்டு போறதுக்குள்ள மோட்டாரப் போட்டுட்டு வந்துடுன்னு நான்தான் அனுப்பி வெச்சேன். நான்தான்க்கா அனுப்பி வெச்சேன்.”

ஓமத்தண்ணி விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீன்கார அக்கா ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டார்.

“ஏப்பம் வந்துடுச்சின்னா யாரும்மா ஆசுபத்திரிக்கு ஓடுவா? நானா இருந்தாலும் அந்த ஓமத்தண்ணியத்தான் குடுத்திருப்பேன். நீ இன்னா பண்ணுவ?”

தங்கை தெருவே கேட்கும்படி அழுதாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். இத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தன் மாமனாருக்கும் இப்படித்தான் கஷாயம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள் ஒருத்தி. வேலியோரம் நின்றுகொண்டு கேட்டேன். எப்படி ஆச்சி என்ற கேள்வியை எதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூட இருந்தவர்கள் யாராக இருந்தாலும் மனசுக்குள் ஒரு குற்றம் உட்கார்ந்திருக்கும். நாற்பது பேரிடம் சொன்னால் நாற்பது பேரும், நீ என்ன பண்ணுவாய் என்பார்கள். ஒருவர் சொல்லி நம்பாததை நாற்பது பேர் சொன்னால் நம்பலாம். அந்த நாற்பது பேரையும் நான் வாசலிலேயே வாயடைத்து உள்ளே அனுப்பியிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னாண்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீதான வாசல்ல குந்திக்கினு, யாரும் கேக்காதீங்கன்னு சொன்ன? உனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சேண்ணா. நான்தான் அவரக் கொன்னுட்டேன், அது ஊருக்குத் தெரிய வேணாம்னு காப்பாத்துறியோன்னு நெனச்சேன்.”

ஏழு மாதம் அப்படி நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் சோறு வடித்திருக்கிறாள். நான் பேசின ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அப்படி நினைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா” என்றேன்.